முத்துப் போட்ட தெரு

ஊர் எல்லை வந்ததும் சோணை வண்டியை நிறுத்தினார். கீழே இறங்கி, மாடுகளை நுகத்தடியிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

கூண்டு வண்டிக்குள் பேச்சியம்மாள் கிடந்தாள். எட்டு மாதம். வெளியே ஆவணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவளோ கம்பளி, அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் என் சேலை ஒன்று என்று போர்த்தியும் பல் கிட்டிப்போய் நடுங்கினாள். அந்த நடுக்கத்தில் வண்டி மூங்கில் கடகடவென்று ஆடியது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை உள்ளே புரண்டது. உயிரோடு இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் ஊரில் வேறு மாதிரி கதை கட்டினார்கள்.

"என்னண்ணே, மாட்ட அவுக்குறீங்க?" என்றேன்.

"இதத் தாண்டி வண்டி போகாது நர்ஸம்மா."

அவர் காட்டிய இடத்தில், பாதையின் இரண்டு பக்கமும் நின்ற பூவரச மரங்களுக்கு நடுவே வேப்பங்குழைத் தோரணம் கட்டியிருந்தது. வாடி, கருகி, காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தது. அம்மை போட்ட ஊருக்குக் கட்டுவார்களே, அதே தோரணம்.

அந்த ஊரில் ஒரு ஆளுக்கும் அம்மை கிடையாது. அதுதான் விஷயம்.

கொஞ்சம் என்னைப் பற்றி

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது, வயதான காலத்தில் ரத்தக் கொதிப்பு வந்துவிடப் போகிறது' என்று கேட்டிருந்தார். ரத்தக் கொதிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அம்மா. இந்த வாரத்துக் கதையைப் படித்த பிறகும் உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால்தான் நீங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: எங்களுடையது மதுரையில் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். சின்ன வயதிலேயே தாலி அறுத்துவிட்டு மூலையில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. பிரசவம் பார்க்கப் படித்து, பரவைக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களின் பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்.

கோபம் வந்தால் எனக்கு வீட்டு மொழிதான் முதலில் வாயில் வரும். கிராமத்தில் யாருக்கும் புரியாது. எத்தனை பெரிய மனிதரை வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே திட்டலாம். இந்த ஒரு சௌகரியம் இல்லாவிட்டால் என் உத்தியோகம் எப்போதோ போயிருக்கும்.

சண்டைக் காலத்துக் காய்ச்சல்

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நெல் விளையும், கூடவே குளிர் காய்ச்சலும், அதாவது மலேரியாவும், விளையும். கசிவுக் குட்டைகளிலும், பாழடைந்த தோட்டக் கிணறுகளிலும் கொசுப்புழு கூழ் மாதிரி மிதக்கும். முன்பெல்லாம் கூலி ஆட்கள் வந்து மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போவார்கள். சண்டை வந்ததும் விளக்குக்கே எண்ணெய் இல்லை, குட்டைக்கு யார் ஊற்றுவது? இந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்ததெல்லாம் கலர் தண்ணீர்தான்.

குளிர் காய்ச்சல் ஆண்களை இரண்டு வாரம் படுக்கப் போடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வந்தால் வயிற்றில் இருப்பதைக் கொண்டுபோய்விடும். மூட்டு வலி, வயிற்று வலி என்று ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். இந்தப் பெண்கள் மட்டும் வர மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். பேச்சியம்மாளுக்கு அப்படி ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. இரண்டும் என் கையில்தான் வந்தன. இந்த மூன்றாவதை மட்டும் எப்படியாவது அழ வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

எங்கள் டாக்டர் எல்.எம்.பி. படித்த சின்னப் பையன். நாகராஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூச்ச சுபாவம். பெண்களுக்கு நாடி பார்க்கவே காது சிவந்துபோகும். ஆனால் கண் இருந்தது. ஒருநாள் வேப்பெண்ணெய் ஆட்டுகிற செக்குக்குப் பின்னால், பிண்ணாக்குச் சாக்கு நனைந்து கிடந்த குழியில் மட்டும் கொசுப்புழுவே இல்லை என்று பார்த்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி ஜன்னல் முழுக்கச் சீசாக்கள்தான். குட்டைத் தண்ணீரைப் புழுவோடு மொண்டு வருவார். புங்க எண்ணெய் ஒன்றில், சீத்தா விதைத் தூள் ஒன்றில், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீர் ஒன்றில். அந்தக் கசப்பு நாற்றம் தலைமுடியில் ஏறி, எத்தனை சீயக்காய் போட்டாலும் இறங்காது. வேம்பு ஊற்றிய சீசாவில் புழு உடனே சாகாது. நெளிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கொசுவாக மாறத் தெரியாமல் போய்விடும். தோலை உரிக்கப் பார்த்து, பாதியில் மாட்டிக்கொண்டு, செத்து மிதக்கும். அதைக் காட்டும்போது மட்டும் நாகராஜனுக்குக் கூச்சமெல்லாம் போய்விடும்.

ஒரு சொல்

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேப்பங்கொட்டையை எங்கள் பக்கம் வேப்பமுத்து என்பார்கள். ஆனி மாதம் மரத்தடியில் பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்குவது அதைத்தான். அதைக் காயவைத்து, இடித்து, துணியில் முடிந்து, கல்லைச் சேர்த்துக் கட்டி, தோட்டக் கிணறுகளிலும் குட்டைகளிலும் போட்டோம். குடிதண்ணீர்க் கிணற்றைத் தொடவில்லை. அதில் புழுவைத் தின்னக் கெண்டைக் குஞ்சு விட்டார்கள். மூட்டை போடுகிற கூலி ஆட்களுக்குப் பெரியகருப்பன் மேஸ்திரி. ஒரு கிணறு முடிந்ததும் அடுத்த கிணற்றுக்காரனிடம், "அதுக்கு முத்துப் போட்டாச்சு மாப்ள, இனி உன் கெணறுதேன்" என்று கத்துவார்.

அம்மைக் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பெயர். முத்துப் போட்டிருக்கு என்றால் வீட்டில் ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். உள்ளூரில் யாரும் குழம்பவில்லை. கூடை தூக்கினவர்களுக்கு எந்த முத்து என்று தெரியாதா? காய்ச்சலும் குறைந்தது. அந்த ஆடியில் நான் பார்த்த பிரசவம் எல்லாம் நல்ல பிரசவம். பேச்சியம்மாள் கிணற்றடியில் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டுப் போவாள்.

'தெரியும்' என்றார்

அப்போதுதான் மேலதிகாரி காரில் வந்தார். பெயர் வேண்டாம். வெள்ளைக்காரரும் இல்லை, நம்மவர்தான். தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு.

சீசாவைத் தூக்கிப் பார்த்தார். "நெளியுதே ஐயா. மருந்துங்கிறீர், அது பாட்டுக்கு நெளியுதே."

"நாலஞ்சு நாள் ஆகும் சார். கொசுவா வெளியே வராது," என்றார் நாகராஜன்.

"எனக்கு அவ்வளவு நாள் இங்கே உட்கார முடியுமா?"

அது போகட்டும். மருந்து போட்ட கிணறு எது, போடாத கிணறு எது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வழக்கமாகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு குறி போடுவோம். சண்டைக் காலத்தில் பெயிண்ட் ஏது? சுண்ணாம்பில் போடுகிறோம் என்றோம். மழையில் கரையும் என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே வேப்பமரம் நின்றது. பிரம்பால் அதைக் காட்டினார்.

"போடுறது வேப்பங்கொட்டை. அடையாளமும் அதுவே இருக்கட்டும். கிணற்றுக்குக் கிணறு ஒரு கொத்து கட்டுங்கள். ஊர் முகப்பில் தோரணமாகக் கட்டுங்கள். காரில் இருந்தே தெரிய வேண்டும்."

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நாகராஜன்தான் பேசினார். "சார், இந்தப் பக்கம் வேப்பிலை கட்டினால் வேறு அர்த்தம். அம்மை போட்டிருக்கிறது என்று..."

"தெரியும்," என்றார் அந்த மனிதர். சிரித்தார். "நானும் இந்த ஜில்லாவில் பிறந்தவன்தான். பயந்துகொண்டு கிணற்றுக்குப் பக்கத்தில் எவனும் வர மாட்டான். மூட்டையை எவனும் எடுக்க மாட்டான். நமக்கு நல்லதுதானே?"

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். வெள்ளைக்காரர் செய்திருந்தாலும், அவருக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பேன். இந்த ஆளுக்குத் தெரியும். ஊர்க்காரனுடைய பயத்தை எடுத்து அவன் வாசலிலேயே காவலுக்குக் கட்டிப்போட்டான். நான் அவனைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே எங்கள் மொழியில் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினான். மரியாதையெல்லாம் இனிமேல் எனக்கு எழுத வராது.

தோரணம் கட்டினார்கள். மறுநாளே மேஸ்திரியையும் ஆட்களையும் வேறு தாலுகாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சந்தையில்

போகிற வழியில் பரவைச் சந்தையில் காப்பித் தண்ணி குடிக்கிறபோது மேஸ்திரி பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "ஒரு கெணறு பாக்கியில்ல, அம்புட்டுக்கும் முத்துப் போட்டாச்சு." கேட்டவன் எந்த முத்து என்று கேட்கவில்லை. அவனோ முந்தின நாள்தான் அந்தத் தோரணத்தைப் பார்த்துவிட்டு வந்தவன்.

அவ்வளவுதான். பேச்சியம்மாளின் புருஷன் மாயாண்டி மல்லிகை போட்டிருந்தார். விடியற்காலையில் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, மதுரை சிம்மக்கல் வரை தலைச்சுமையாகக் கொண்டுபோனார். பூக்கடைக்காரர் பத்து வருஷப் பழக்கம். எட்ட நின்றே, "அண்ணே, முத்துப் போட்ட ஊருப் பூவ சாமிக்கும் வைக்க முடியாது, பொம்பளைக்கும் வைக்க முடியாது. திருப்பிக் கொண்டுபோயிருங்க" என்று கும்பிட்டாராம். மாயாண்டி திரும்பி வந்து பூவை மாட்டுக்குக் கொட்டினார். மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊர்க் கத்திரிக்காயைப் பரவைச் சந்தையில் இறக்கவே விடவில்லை.

'அவிழ்த்து எறிந்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கொசு மருந்துக்குக் கட்டியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கட்டியாகிவிட்டது. பூசாரி சொன்னார்: "ஆத்தாவ வாசல்ல வேப்பிலை கட்டிக் கூப்பிட்டாச்சு. எதுக்குக் கூப்பிட்டீகன்னா கேப்பா? வந்துட்டா. அனுப்பணும்னா, முத்துப் போட்ட ஆளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தித்தேன் அனுப்பணும். அந்த ஆளு யாரு? காட்டுங்க, ஊத்துறேன்."

ஆளே இல்லை. ஆளில்லாததால் தண்ணீர் ஊற்ற முடியாது. தண்ணீர் ஊற்றாததால் தோரணத்தை அவிழ்க்க முடியாது. வெளியாள் உள்ளே வரவில்லை, உள்ளாள் வெளியே போகவில்லை. நாகராஜன் மேலதிகாரியைப் பார்க்க மதுரைக்குப் போனவர், காத்திருக்கச் சொன்னார்கள் என்று அங்கேயே ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நேரத்தில்தான், தோரணம் கட்டுமுன் மருந்து போடாத பக்கத்து ஊரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்த பேச்சியம்மாளுக்குக் குளிர் கண்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொய்னா ஊசி கிடைக்கும், பிழைப்பாள். கூண்டு வண்டி வைத்திருந்தவர் சோணை ஒருவர்தான்.

தோரணம்

இப்போது எல்லைக்குத் திரும்பி வருகிறேன்.

"அண்ணே, உள்ள ரெண்டு உசுரு கெடக்கு," என்றேன்.

"எங்க வீட்டுல நாலு சின்னது கெடக்குது நர்ஸம்மா. கட்டுன கையி வந்து அவுக்கட்டும். நான் மாட்டேன்னா சொல்றேன்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூத்த பிள்ளையை அம்மையில் பறிகொடுத்தவர் அவர். வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த மாயாண்டியைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்குள்ளிருந்து பேச்சியம்மாள், பல் தந்தியடிக்க, "நீங்க அவுத்துருங்க நர்ஸம்மா" என்றாள்.

பூவரச மரத்தின் கவட்டையில் கால் வைத்து ஏறி, தோரணத்தைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த இலை முகமெல்லாம் கொட்டியது. சோணை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மாட்டைப் பூட்டினார்.

பரவை முகப்பில் கம்போடு ஏழெட்டு ஆட்கள் நின்றார்கள். எந்த ஊர் வண்டி என்று தெரிந்ததுமே, "இந்தப் பக்கம் வரக் கூடாது. வாய்க்கால் கரையோட சுத்திப் போங்க" என்றார்கள். அம்மை இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எல்லாரும் அப்படித்தேன் சொல்லுவாக" என்றார் ஒருவர். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டாவது சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

கரைப் பாதை பள்ளமும் மேடும். பாதி வழியில் அவளுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சோணையையும் மாயாண்டியையும் தள்ளிப் போகச் சொன்னேன். ஆண் பிள்ளை. நல்ல முடி. அழவில்லை. காலைப் பிடித்துத் தட்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன், தெரிந்ததெல்லாம் செய்தேன். அழவில்லை.

பேச்சியம்மாள் பிழைத்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள்.

கதை கட்டினார்கள்

'ஜனங்களின் மூடநம்பிக்கையாலும் எதிர்ப்பாலும் வேப்ப மருந்து கைவிடப்படுகிறது' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஜனங்களின் மூடநம்பிக்கையாம். கட்டச் சொன்னது எந்த ஜனம்? நாகராஜனை மலையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். போகும்போது சீசாக்களைக்கூட எடுத்துப்போகவில்லை. அந்த அதிகாரிக்குச் சில வருஷங்கள் கழித்து ஏதோ பட்டம் கிடைத்து, மாலையோடு படம் வந்தது. அந்தப் பேப்பரில் நான் வெந்தயம் காயவைத்தேன்.

ஊரில் வேறு கதை. ஆத்தா தோரணத்தை நர்ஸ் பிய்த்துப் போட்டாள், ஆத்தா பிள்ளையை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். என்னை மாற்றச் சொல்லி மனுப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவர்கள். நடுவில் கிணறுகளில் மறுபடியும் புழு நெளிய ஆரம்பித்தது. ஊரில் அப்போது இன்னும் ஐந்தாறு பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள். டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன்.

உலக்கைச் சத்தம்

அன்று முற்பகல் உலக்கைச் சத்தம் கேட்டது. ஆத்தா இருக்கிற ஊரில் உலக்கை போட மாட்டார்கள். தோரணம் கட்டிய நாளிலிருந்தே, அது விழுந்த பிறகு கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று இன்னும் பயந்து, ஊரே அரிசி இடிக்காமல் கேப்பைக் கூழில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. தெருவுக்கு ஓடினேன்.

பேச்சியம்மாள் தன் வாசலில் உரலைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். தீட்டுக் கழிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருக்கும். ரவிக்கை இல்லாத தோளில் எலும்பு துருத்தியது. பால் கட்டிய மார்பில் சேலை நனைந்திருந்தது. உரலில் வேப்பமுத்து. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"அடியே, ஆத்தா இருக்கையில ஒலக்க போடுறியே, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அவள் மாமியார்.

உலக்கையை நிறுத்தினாள். கத்தவில்லை.

"ஆத்தா வந்து எம் பிள்ளைய எடுத்துக்கிட்டான்னு சொல்றீக. ஆத்தா வந்தா முத்துப் போட்டிருக்கணும்ல. எம் மேல இருக்கா, பாருங்க." இரண்டு கையையும் நீட்டினாள். "எம் பிள்ளை மேலயும் இல்ல. வாய்க்கா தண்ணியில நாந்தேன் குளிப்பாட்டுனேன். உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்தேன். ஒரு முத்து இல்ல."

உண்மை. எழுந்திருக்கவே முடியாதவள். வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி அவள்தான் குளிப்பாட்டினாள்.

மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் இடித்ததை முறத்தில் அள்ளினாள். பிறகு மடியிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுத்துத் தரையில் ஒவ்வொன்றாக விரித்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்த துணிகள்.

"இதுல முடியலாமா நர்ஸம்மா?" என்று என்னைக் கேட்டாள். "எத்தனை கெணத்துக்கு வேணும்?"